குடை விரியும் கேசட்

தம்பி அந்த ஆட்டத்தைப் பற்றி முதலில் கேட்டபோது நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவன் ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். டிவி ஓடவில்லை.

"யக்கா, அந்தக் குடை விரியுத கேம் எங்க?"

"எந்தக் கேம்லே?"

"நாம வெளாடுவோமே. ஒருத்தன் பெரிய கட்டடத்துல பிடிச்சுப் பிடிச்சு ஏறுவான். மேல ஜன்னல்லருந்து பூச்சட்டி விழும். தலையில பட்டா அவன் கீழ விழுவான். ஆனா சாவமாட்டான். பாதி வழியில குடை விரியும்."

தேங்காய் மூடியை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவன் முகத்தில் விளையாட்டுத்தனம் எதுவும் இல்லை. சவுதியில் ஏ.சி. மாட்டும் வேலை செய்துகொண்டிருந்தவன், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்திருந்தான். தலையில் அடி. அங்கேயே ஆப்பரேஷன் செய்து, தேறியதும் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு தழும்பு இருந்தது.

இது 2012இல். அம்மாவும் அப்பாவும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் தக்கலையில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பின்பக்க அறை சும்மாதான் கிடந்தது.

நடப்பது, சாப்பிடுவது, குளிப்பது எல்லாம் அவனால் முடிந்தது. ஞாபகம்தான் சரியாக இல்லை. நாகர்கோவிலில் நரம்பு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஞாபகத்துல ஓட்டை விழுந்த இடத்த மனசே எதையாவது வச்சு அடச்சுக்கும்மா. அவர் பொய் சொல்றார்னு நினைக்காதீங்க. அவருக்கு அது நடந்த மாதிரியேதான் இருக்கும். சண்டை போட வேண்டாம். ஆனா எது நடந்தது, எது நடக்காததுன்னு கூட இருக்கிறவங்களுக்குத் தெரியணும்."

அன்றிலிருந்து அவன் வாயைத் திறந்தாலே எனக்குள் ஒரு பரிசோதனை ஓட ஆரம்பித்தது. அப்பா சைக்கிளில் வைத்துத் திருவட்டாறு கோயிலுக்குக் கூட்டிப்போனது உண்மை. என் கல்யாணப் பந்தியில் அவன் பாயசம் விளம்பியது பொய். அப்போது அவன் சவுதியில் இருந்தான். பேச்சிப்பாறை அணையில் செருப்பைத் தண்ணீரில் விட்டது உண்மை, ஆனால் விட்டது நான். இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட மனசு அதிலேயே கிடக்கும்.

குடை ஆட்டம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மார்த்தாண்டத்தில் வாங்கித் தந்த டிவி கேம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது உண்மைதான். அதில் வந்த எல்லா ஆட்டமும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பீரங்கி வண்டி, வாத்து, கார் ரேஸ். கட்டடத்தில் ஏறுகிறவன் யாரும் அதில் இல்லை.

"நீயும் இருந்தியேக்கா. எனக்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருப்பே."

"எனக்கு ஓர்மை இல்லியே மக்கா."

அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் சரியாகியிருக்காது. ஆனால் இல்லை என்று சொன்ன பிறகு அவன் மாறிவிட்டான். அதற்கு முன்பு தப்பாகவோ சரியாகவோ பேசிக்கொண்டே இருந்தவன், இப்போது எதைச் சொல்வதற்கு முன்பும் என் முகத்தைப் பார்த்தான். "இது உள்ளதா?" என்று கேட்டான். சில வாரத்தில் அப்படிக் கேட்பதும் நின்றுபோயிற்று. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "மத்தியானம் சோறு தின்னியாலே?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லுக்கா. தின்னேனா?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான். நான் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தேன். தின்றிருந்தான். அதை வந்து அவனிடம் சொன்னேன்.

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அந்த ஆட்டம் இருக்கிற கேசட்டைத் தேடி எடுக்கவேண்டும் என்று.

"கிடைக்கலைன்னா?" என்று கேட்டார்.

"கிடைக்கும்."

"அதில்ல ஏட்டி. கிடைக்கலைன்னா அவன்கிட்ட என்ன சொல்லுவே?"

ஆட்டம் உண்மை என்றால் அவனுக்குள் ஏதோ ஒன்று உடையாமல் இருக்கிறது. இல்லையென்றால், தான் விழுந்ததை அவன் மனசே ஒரு விளையாட்டாக மாற்றி, சாகாமல் இருக்கக் குடையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவதைத்தான் நான் உள்ளூர நம்பினேன். நம்பிக்கொண்டேதான் தேடினேன்.

அந்த வருடங்களில் கேசட் போட்டு விளையாடும் டிவி கேம் ஏறக்குறைய ஒழிந்திருந்தது. பிள்ளைகள் செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் போய்விட்டார்கள். தக்கலை ஃபேன்சி கடைக்காரர், "அதெல்லாம் இப்பம் யாருக்கு டீச்சர்?" என்று சிரித்தார். மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரர் பரணிலிருந்து பெட்டி பிரிக்காத செட் ஒன்றை எடுத்துத் தந்தார். அதோடு ஒரு கேசட்டும் இருந்தது. இந்த மாதிரிக் கேசட்டுகள் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே அதே பத்துப் பதினைந்து ஆட்டம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். படத்தில் விமானம் இருந்தால் உள்ளே தவளை இருக்கும். லேபிளை நம்பி எதையும் வாங்க முடியாது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. பஸ் நிற்கிற இடமெல்லாம் விசாரித்தார். திருவட்டாறில் மூடப்போகும் கடையொன்றிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட் கொண்டுவந்தார். இரணியலில் டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் இன்னும் கொஞ்சம் கிடைத்தது. சிலவற்றில் பல்லி முட்டை இருந்தது. நான் பென்சில் அழிக்கும் ரப்பரால் கேசட்டின் பித்தளைப் பல்லைத் தேய்த்து, ஊதி, செட்டில் செருகுவேன். தம்பி பக்கத்தில் வந்து உட்காருவான். ஆட்டங்களின் பட்டியல் டிவியில் வரும். ஒவ்வொன்றாகத் திறப்போம்.

"இது இல்ல."

"அடுத்தது பாப்பமா?"

"ம்."

அந்த நேரம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கேசட் எடுபடாமல் டிவி வெறுமையாகத் தெரிந்தால்கூட ஆறுதலாக இருக்கும், இன்னும் முடிவு தெரியவில்லை என்று. எல்லாம் நன்றாக ஓடி, கடைசி ஆட்டமும் பார்த்து முடித்த பிறகு அவன் எழுந்து பின்பக்க அறைக்குப் போவான். ஒவ்வொரு கேசட்டுக்கும் அவன் தன்னை இன்னும் கொஞ்சம் நம்பாமல் ஆகிறான் என்று எனக்குப் பட்டது. தேடி நான்தான் அவனைக் கெடுக்கிறேனோ என்றும் தோன்றியது. பிறகு அவன் இல்லாத நேரமாகப் பார்த்துச் சோதிக்க ஆரம்பித்தேன்.

பழைய சாமான் விற்கும் ஒரு இணையதளத்தில் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் கிடைத்தார். வங்கியில் வேலை. பழைய வீடியோ கேம் சேர்ப்பதும் விற்பதும் அவருக்குப் பொழுதுபோக்கு. போனில் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். அவர் தமிழில் பாதி மலையாளம் இருந்தது.

"சேச்சி, பில்டிங்ல ஏறுத கேம் ஒண்ணு உண்டு. எனக்கு அறியும். பட்சே குடை ஒண்ணும் இல்ல."

"குடை இல்லாம விழுந்தா?"

"விழுந்தா தீந்துபோச்சு. பின்ன முதல்லருந்து தொடங்கணும்."

போனை வைத்துவிட்டு ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பயந்தது அப்படியே வந்துவிட்டது. ஆட்டம் உண்மை, குடை மட்டும் இவன் சேர்த்தது. அன்று வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. டிவி கேமை வயரோடு சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் அந்தத் திருவனந்தபுரத்துக்காரரே கூப்பிட்டார்.

"சேச்சி, குடை உண்டு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கல்ஃப்லருந்து வீட்டுச் சாமான் காலி பண்ணி வந்த ஒரு பெட்டி எனக்கு கிட்டி. மஞ்சக் கேசட். மேல அரபியில எழுத்து. நம்ம நாட்டுல இது வந்ததே இல்லன்னு தோணுது. வந்து பாருங்க."

அந்தச் சனிக்கிழமையே இரணியலில் ரயில் ஏறினேன். தம்பியிடம் பள்ளிக்கூட வேலை என்று சொன்னேன். ரயிலில் உட்கார்ந்ததும் எனக்கு வேறொரு பயம் வந்தது. கல்ஃப் கேசட் என்றால் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்திருக்கும்? எங்கள் குடும்பத்தில் அப்போது யாரும் கல்ஃபில் இல்லை. அங்கே வேலை செய்யும்போது எங்காவது பார்த்துவிட்டு, வீட்டில் என்னோடு விளையாடியதாக நினைக்கிறானோ?

அவர் வீட்டில் பழைய பெட்டி டிவி ஒன்றை இதற்காகவே வைத்திருந்தார். அவர் மனைவி சாயா கொடுத்தார், எனக்கு இறங்கவில்லை. முதல் தடவை கேசட் போட்டபோது ஒன்றும் வரவில்லை. எடுத்துப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். இரண்டாம் தடவை கோடு கோடாக ஓடியது.

"பயப்படண்டா சேச்சி, வரும்," என்றார். அவர் கையும் அவசரப்பட ஆரம்பித்திருந்தது.

அடுத்த தடவை ஒரு பாட்டு வந்தது. சின்னப் பிள்ளைகள் பீப்பி ஊதுவது மாதிரி. பிறகு கட்டடம். பழுப்பு நிறத்தில், ஜன்னல் ஜன்னலாக, டிவியின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனது. கீழே நீலச் சட்டை போட்ட ஒரு சின்ன ஆள்.

"ஏற வேண்டாம், கீழ விழ வைங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அவனைக் கொஞ்சம் ஏற்றி நிறுத்தினார். பூச்சட்டி வந்து தலையில் விழுந்தது. ஆள் கை கால் விரித்துக் கீழே வந்தான். பாதி வழியில் சிவப்பாக ஒரு குடை விரிந்தது. அவன் அசைந்து அசைந்து தரையில் இறங்கி நின்றான்.

"இன்னொரு தடவை," என்றேன்.

மறுபடி விழவைத்தார். மறுபடி குடை விரிந்தது. நான் அவர் கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கினேன்.

திரும்பி வரும்போது கேசட்டைத் துவாலையில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்களோ, எங்கள் செட்டில் இது எடுபடாதோ, எடுபட்டு அவன் 'இது இல்ல' என்று சொல்லிவிடுவானோ என்று இரணியல் வரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து கை கால்கூடக் கழுவாமல் செட்டை இணைத்தேன். பாட்டு கேட்டதும் தம்பி பின்பக்க அறையிலிருந்து வந்தான். டிவியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து உட்கார்ந்து செட்டின் ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பூச்சட்டி வருவதற்கு முன்பே ஆள் ஒதுங்கினான். ஒரு ஜன்னல் திறந்து பூனை எட்டிப் பார்க்கப்போகிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. "இப்பம் பூனை," என்றான், பூனை வந்தது. "இப்பம் மழை," என்றான், மழை பெய்தது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமலே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய மூச்சு ஒன்று வந்தது. பல மாதம் கழித்து வந்த மூச்சு.

அப்போது தம்பி சிரித்துக்கொண்டே திரும்பினான். ஒரு பெயரைச் சொன்னான்.

"அவனைக் கூப்பிடுக்கா. அவன் மழை வந்தா உடனே விழுந்துருவான். இப்பமும் என்னை ஜெயிக்க மாட்டான்."

அவனோடு ஐ.டி.ஐ.யில் படித்த குளச்சல் நண்பனின் பெயர் அது. அந்தப் பையனின் அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், மாமா குவைத்தில். அந்த நண்பன் 2004 டிசம்பரில் சுனாமியில் போய்விட்டான். தம்பி அதற்குச் சில வாரம் முன்னால்தான் சவுதிக்குப் போயிருந்தான். நான்தான் போனில் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து அழுகை கேட்டது. போன் கட்டாகும்வரை அழுதான்.

இப்போது அது எதுவும் அவனிடம் இல்லை.

"அவன் குளச்சல்லதான இருக்கான்?"

"சாப்பாடு எடுத்து வைக்கட்டா?" என்றேன். என் வீட்டுக்காரர் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

கேசட் கிடைத்தால் பயம் தீரும் என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவன் கூப்பிடு, கூப்பிடு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். டாக்டர் போனை எடுக்கவில்லை. சொன்னால் என்ன ஆவான், சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? மத்தியானம் சோறு தின்ற பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கடல் வந்ததையும், யார் யாரெல்லாம் போனார்கள் என்பதையும், அந்த நண்பனும் போனான் என்பதையும்.

அவன் காதுக்கு மேலிருந்த தழும்பைத் தடவினான்.

"நான் அப்பம் எங்க இருந்தேன்?"

"சவுதியில."

"வரலியா?"

"போன உடனே எப்படி விடுவாங்க மக்கா? கேட்டுப் பாத்தே. விடல."

"அப்பம் எனக்குத் தெரியும்."

"தெரியும். நாந்தான் சொன்னேன்."

"அழுதேனா?"

"அழுதே."

தலையை ஆட்டினான். பிறகு செட்டின் வயரை எல்லாம் பிடுங்கிச் சுருட்டினான். போச்சு, இனி இதைத் தொடமாட்டான் என்று நினைத்தேன். அவன் அதை ஒரு துணிப்பையில் போட்டான்.

"அவனுக்க வீட்டுக்குப் போணும்."

அடுத்த ஞாயிறு போனோம், நானும் அவனும் மட்டும். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் அவர்கள் வீடு. எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தது. கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். நண்பனின் அக்கா வாசலில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். தம்பியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏலே மக்கா, நீயா? என்னல இது தலையில?"

உள்ளே போய் உட்கார்ந்தோம். விழுந்த கதையை நான் சொன்னேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று கேட்டான்.

"அக்கா, குடை விரியுத கேம் ஓர்மை இருக்கா?"

"பின்ன இல்லாமயா? மாமா குவைத்லருந்து கொண்டு வந்ததுதானே. நீங்க ரெண்டு பேரும் கெடந்து சத்தம் போடுவிய. நான் பக்கத்துல இருந்து றால் உரிச்சுக்கிட்டே பாப்பேன். கடலு எல்லாத்தையும் கொண்டு போச்சு, அதையும்தான்."

தம்பி என் பக்கம் திரும்பினான். "அது நீ இல்ல," என்றான், மெதுவாக, தப்பு திருத்துகிறவன் மாதிரி. "இந்த அக்காவாக்கும்."

"ஆமா மக்கா," என்றேன்.

அவன் துணிப்பையைத் திறந்தான். எனக்கு உடனே பதற்றம் வந்துவிட்டது. உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. நண்பனின் அம்மா அங்கே இருந்தார்கள். "இப்பம் வேண்டாம்," என்று அவன் கையைப் பிடித்தேன். அக்காதான், "போடட்டும்," என்றாள். தம்பி அவர்கள் டிவியில் செட்டை இணைத்தான். பாட்டு தொடங்கியது.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக்கையோடு அந்த அம்மா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தம்பி ரிமோட்டை மடியில் வைத்துவிட்டான். நான் எழுந்து டிவியை அணைத்துவிடலாமா என்று பார்த்தேன்.

"இது எங்க கிடந்து கிட்டுச்சு?" என்று அந்த அம்மா கேட்டார்கள்.

"வாங்கினோம்மா. திருவனந்தபுரத்துல."

"இந்தப் பாட்டச் சகிக்க முடியாம நான் அவனை ஏசுவேன், கேட்டியா? எப்பம் பாத்தாலும் இதே பாட்டு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். "சத்தம் கூட்டி வை மக்கா. எனக்கு இப்பம் காது கொறவு."

அவன் சத்தத்தைக் கூட்டினான். சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்வரை விளையாடினார்கள். அக்கா மழை வந்ததும் விழுந்தாள். அம்மாவுக்கு ரிமோட்டைப் பிடிக்கவே தெரியவில்லை. தம்பி அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினான். கிளம்பும்போது அவர்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரை வந்தார்கள். அடுத்த வாரமும் வரச்சொன்னார்கள். பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவன் போனான். வழி பழகியதும் தனியாகவே.

ஆனால் அன்று பஸ்ஸில் எனக்கு நிம்மதி இல்லை. அவன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான். நாளைக்கு எழுந்ததும் நண்பன் செத்தது மறுபடி மறந்திருக்குமோ, மறுபடி நான் சொல்ல வேண்டியிருக்குமோ என்று தக்கலை வரும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"நேத்து எங்க போனோம், சொல்லு பாப்போம்?"

"குளச்சல்." ஒரு மிடறு குடித்தான். "அவன் இல்லக்கா. எனக்கு ஓர்மை இருக்கு. நீ பயப்படாத."

நான் தலையை ஆட்டினேன்.

"நீதான் மறந்துட்டே," என்றான். "அவுக அம்மா தந்த கருவாட்டுப் பொதிய பஸ்லயே விட்டுட்டு இறங்கிட்டே."

எழுந்து போய்ப் பையைக் கொட்டிப் பார்த்தேன். குடை, பர்ஸ், தண்ணீர்க் குப்பி. கருவாடு இல்லை. அந்த அம்மா அதை என் கையில் தந்தது அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. உள்ளே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், டிப்போவுக்குப் போன் போட்டு, குளச்சல் பஸ்ஸில் ஒரு பொதி நாறிக்கொண்டு கிடக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.